பேக்மேன் தவளைக்குத் தோல்தான் வாய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பார்க்குற ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். வீடு ஆரணியில. பட்டுச்சேலை ஆரணி இல்லைங்க, பெரியபாளையம் பக்கத்து ஆரணி. "பேக்மேன் தவளை வாங்கலாம்னு இருக்கேன் ப்ரோ, நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா?"ன்னு கேக்குறார். வெயில் பாதிப் பிரச்சினைதான் ப்ரோ. மீதிப் பாதி தண்ணி.

ஆளைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். கொம்புன்னு சொல்றது கண்ணுக்கு மேல இருக்குற தோல் மடிப்பு. பாதி உடம்பு வாய்தான், அதனாலதான் 1980-ல வந்த கேமோட பேரு. சொந்த ஊர் தென் அமெரிக்கா. கடையில அதிகம் கிடைக்குறது அர்ஜென்டினா, பராகுவே பக்கத்து சாக்கோ சமவெளித் தவளை. மண்ணுல புதைஞ்சு, கண்ணை மட்டும் வெளியே வச்சு, இரை பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருக்கும். ஓடி விளையாடுற பெட் வேணும்னா பூனை வளர்த்துக்கோங்க.

தவளை வாயால தண்ணி குடிக்காது. அடிவயித்துத் தோல் வழியா உறிஞ்சிக்கும். அதனால கிண்ணத்துல நீங்க ஊத்துறது நேரா ரத்தத்துக்குப் போகுது. இங்கதான் நம்ம ஏரியா கஷ்டம். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பல வருஷமா நிலத்தடியில கடல்நீர் ஏறியிருக்கு. போர் தண்ணி உப்பா இருந்தா, அது தவளை உடம்புல இருக்குற ஈரத்தையே வெளியே இழுத்துரும். சரி, கேன் தண்ணி? அது ஆர்.ஓ. தண்ணி, உப்பே கிட்டத்தட்ட இல்லை. அதுலயே எப்பவும் ஊறினா உடம்புல இருக்குற உப்பு கரைஞ்சு வெளியே போகும். உப்புக் கரிக்காத குழாய்த் தண்ணி இருந்தா அதுதான் நல்லது. ஆனா குளோரின் இருக்கும். கொளத்தூர் மீன் கடைகள்ல ஆன்ட்டி குளோரின் கிடைக்கும், சில சொட்டு போதும். தண்ணியைத் தினமும் மாத்துங்க.

தென்னைநார்த் தூள் படுக்கைக்கும் இதே கணக்குதான். செடிக்கு விக்குற கோகோபீட் கட்டியில உப்பு இருக்கலாம், நாலஞ்சு தடவை அலசிப் பிழிஞ்சு போடுங்க. கொசு லிக்விட், காயில், ஸ்பிரே எதுவும் அந்த ரூம்ல வேண்டாம். கொசுவலை கட்டிக்கோங்க. ஓடோமாஸ் தடவின கையால தவளையைத் தொடவே கூடாது. (சும்மாவும் தொடாதீங்க, கடிச்சா விடாது.)

இப்போ வெயில். 24-லிருந்து 28 டிகிரி அதுக்கு சுகம். வெளிநாட்டு வீடியோ எல்லாம் முதல்ல ஹீட் மேட் வாங்கச் சொல்லும், நமக்கு அது வேண்டவே வேண்டாம். தரைத்தளத்துல வெயில் படாத ரூம், தரையிலயே டேங்க். மே மாசம் ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டிலைத் துணி சுத்தி, கண்ணாடிக்கு வெளியே சாய்ச்சு வைக்கலாம். ஏசி காத்து உலர்த்திரும். ரொம்பக் காஞ்சா தவளை செத்த தோலையே அடுக்கடுக்காப் போத்திக்கிட்டு அசையாமக் கிடக்கும். செத்துருச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

அந்த லிசனர் மாடி வீடு, பகல் முழுக்கப் பூட்டுன்னு சொல்றார். அப்படின்னா என் பதில்: வாங்காதீங்க. கீழ் வீட்டுக்கு மாறினா, முதல்ல தெர்மாமீட்டர் வாங்கி, காலி டேங்கை ஒரு ஏப்ரல் முழுக்க ஓட்டிப் பாருங்க. டெஸ்ட் பண்ணாம புரொடக்‌ஷனுக்குப் போறதில்லையே நாம.

சாப்பாடு சுலபம். மண்புழு, வளர்ப்புக் கரப்பான், வெட்டுக்கிளி, கூட கால்சியம் பவுடர். வீட்டுக் கரப்பான் வேண்டாம், அதுல மருந்து இருக்கும். வளர்ந்த தவளைக்கு வாரம் ஒரு தடவை போதும். ஒரு டேங்குக்கு ஒண்ணுதான், ரெண்டு விட்டா ஒண்ணு மத்ததைத் தின்னுடும்.

வாங்குறப்போ இறக்குமதிப் பேப்பர் கேளுங்க. பாங்காக்ல இருந்து சூட்கேஸ்ல அடைச்சு வர்ற விலங்குகளைச் சென்னை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் பல தடவை பிடிச்சிருக்காங்க. நல்லாப் பார்த்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். வேலை மாறுது, கல்யாணம் ஆகுதுன்னு ஆரணியாத்துல விட்டுட்டு வராதீங்க. டேங்க் மண்ணைக்கூட வயல்ல கொட்டாதீங்க. தோலைத் தாக்குற கைட்ரிட் பூஞ்சை அப்படித்தான் பரவும்.

காலுக்காகக் கோடிக்கணக்குல பிடிச்சு ஏற்றுமதி பண்ணி, 1987-ல தடை போட்ட அப்புறம் மிஞ்சினவை நம்ம பெருந்தவளைங்க. பெருமழை பெஞ்ச ராத்திரி வயல் பக்கம் டார்ச்சோட போங்க. ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளா மாறி, நீலப் பை ஊதிக் கத்திக்கிட்டிருக்கும்.