பங்கு யாரிடம் இருக்கிறது?

(ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளியின் இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஆட்சி மாறும்போதெல்லாம் நம் ஷரீஅத் என்னவாகுமோ என்று கலங்குகிறோம். கலங்குவது தவறன்று. எனினும் நம் ஊர் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1819 ஜனவரி 6 அன்று பிரெஞ்சு ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எவராயினும் அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்ப்பளிக்கப்படும் என்றது அது. அல்ஜீரிய முஸ்லிம்களோ, 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரெஞ்சுக் குடியுரிமை பெறத் தம் தனிச்சட்டத்தைத் துறக்க வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் 1881இல் துறப்பு ஆணை வந்தது. ஆயினும் துறக்காதவரும் வாக்களித்தனர். துறந்தோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர்.

1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968இல் நம் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டது. ரெனோன்சான்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் எதற்காக வந்தது? வழக்கம் என்ற பெயரால் முஸ்லிம் பெண்களுக்குச் சொத்து மறுக்கப்பட்டு வந்தது. முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் அதனைக் கண்டித்ததை மசோதாவின் நோக்க உரையே கூறுகிறது. ஆலிம்களும் அச்சட்டத்தை ஆதரித்தனர். ஆக, வெள்ளையர் காலச் சட்டமன்றத்தில் போய், ‘எங்கள் வழக்கத்திலிருந்து எங்கள் மார்க்கத்தைக் காத்துத் தாருங்கள்’ என்று நாமே கேட்டிருக்கிறோம்!

சென்ற ஆண்டு ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். தந்தை வஃபாத்தாகி நாற்பதாம் நாள் கழியுமுன் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்டிருக்கிறார்கள். “பங்கு கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுவிடும், ஹஜ்ரத்” என்றார். சீர்வரிசை செய்தாயிற்று என்பது அண்ணனின் வாதம். சீர் வேறு, சூரா நிஸாவின் 11ஆம் வசனம் வகுத்த பங்கு வேறு. மகனின் பங்கில் பாதி என்பதற்காகப் பிறரிடம் வாதாடும் நாம், அந்தப் பாதியையாவது கொடுத்தோமா? எந்த அரசும் இதில் நம் கையைப் பிடிக்கவில்லை.

ஆகவே நிர்வாகத்தாரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்: நிக்காஹ் பதிவேடு போலப் பாகப்பிரிவினைக்கும் ஓர் ஏடு வேண்டும். கடனும் வஸிய்யத்தும் தீர்த்தபின், பெண்மக்களும் இருக்கும் அவையில் பங்கைக் கணக்கிட்டு எழுதுவோம். விட்டுக்கொடுக்க விரும்புபவர், தம் பங்கு எவ்வளவு என்று அறிந்து, அதைக் கையில் பெற்றபின் விட்டுக்கொடுக்கட்டும்.

அந்தச் சகோதரி இன்னும் கையொப்பமிடவில்லை. அண்ணன் நேற்றும் ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் இருந்தார்.

வஸ்ஸலாம்.