பசித்தவர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? வடலூர்த் தருமச்சாலையை முன்வைத்து ஒரு மறுப்பு

  

இராமலிங்க அடிகள் 1865இல் தொடங்கிய சன்மார்க்க சங்கத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் இருப்பது இந்த அவை அறிந்ததே. பசித்தவருக்குச் சோறிட வடலூரில் 1867 மே 23 அன்று திறக்கப்பட்ட சத்திய தருமச்சாலை ஒரு சமூகத் தொண்டு நிறுவனம், 1872 தைப்பூசத்தன்று திறக்கப்பட்ட சத்திய ஞானசபைதான் வழிபாட்டிடம் என்பது ஒரு கட்சி. தருமச்சாலை முதற்படி, ஞானசபை மேற்படி, படியேறியவர் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் அடியில் ஒரே கருத்தைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. சோறு போடுவது வழிபாட்டுக்கு வெளியே நடக்கும் காரியம்; போடுபவர் கொடையாளர், உண்பவர் நன்றிக்கடன் பட்டவர் என்பதே அக்கருத்து. இதை நான் நெடுங்காலமாக மறுத்து வருகிறேன். கட்டுரைகளில் அடிக்குறிப்பாக ஒதுங்கிக் கிடந்த அந்த மறுப்பை இன்று முழுமையாக வைத்துவிடுகிறேன்.

என் முதற்சான்று அடிகளின் உரைநடை நூலான ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’. அதில் பசி முற்றும்போது மனிதருக்கு நேர்வது என்ன என்று அவர் விரிக்கும் பகுதியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். கண் குழிவதையும் காது அடைப்பதையும் நாக்கு உலர்வதையும் கைகால் துவள்வதையும் மருத்துவர் போலக் கவனித்து எழுதியிருக்கிறார் என்று பாராட்டுவது நம் வழக்கம். பாராட்டு சரி, ஆனால் வரிசையை நாம் கவனிக்கவில்லை. அவர் கண்ணிலோ வயிற்றிலோ தொடங்கவில்லை. முதலில் மங்குவது உயிரின் அறிவு. அறிவு மங்கியதால் அதற்குள் இருக்கும் கடவுள் விளக்கம் மறைகிறது. பிறகு தத்துவங்கள் சோர்கின்றன, மனம் சிதறுகிறது, புத்தி கெடுகிறது, சித்தம் கலங்குகிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் உடம்பு வருகிறது. பசியை உடலின் குறைபாடாக மட்டும் கருதிய ஒருவர் இப்படி மேலிருந்து கீழே இறங்கி வர மாட்டார். பசி என்பது ஓர் உயிருக்குள் கடவுள் மறைக்கப்படும் நிகழ்ச்சி என்பதே இந்த வரிசையின் பொருள். உணவு கிடைத்த பிறகு நடப்பதையும் அவரே சொல்கிறார்: தத்துவங்கள் தழைக்கின்றன, மறைந்த விளக்கம் உள்ளத்திலும் முகத்திலும் திரும்ப வெளிப்படுகிறது. உண்டவர் முகத்தில் ததும்பும் இன்பமும், அதைக் கண்டபோது ஊட்டியவருக்கு உண்டாகும் இன்பமும் கடவுள் இன்பத்தோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. அப்படியானால் பந்தியில் நடப்பது என்ன? ஞானசபையில் ஏழு திரைகள் விலகி ஒளி தெரிவதும், இலையின் முன் அமர்ந்தவர் முகத்தில் விளக்கம் தெரிவதும் ஒரே காட்சியின் இரு வடிவங்கள். வழிபாட்டிடம் ஒன்று, தொண்டு நிலையம் ஒன்று எனப் பிரிப்பதற்கு இந்நூலில் இடமே இல்லை. ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதை நாம் அழகான மிகைச்சொல்லாக வாசித்தோம். அது அவருடைய நேரடிக் கொள்கை.

இங்கிருந்துதான் நன்றியைப் பற்றிய என் முடிவு பிறக்கிறது. உயிர்க்கிரக்கம் எந்த உரிமையால் வருகிறது என்ற கேள்விக்கு, எல்லா உயிர்களும் ஒரே கடவுளிடமிருந்து வந்த உடன்பிறப்புகள் என்பதால் வருகிறது என்று விடை தருகிறார். தம்பி துன்பப்படும்போது அண்ணன் உருகுவது தயவு அன்று. தம்பி உண்டு எழுந்து கைகூப்ப வேண்டியதும் இல்லை. பசித்தவரிடம் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் வேறுபடுத்தி நினையாமல் உணவளிக்க வேண்டும் என்கிறார். இந்த நான்கில் கடைசியானது மிக முக்கியம். நல்லவனா கெட்டவனா என்று பாராமல் சோறிடச் சொல்பவர், உண்டபின் அவன் நன்றியுள்ளவனா என்று மட்டும் பார்க்கச் சொல்வாரா? நூல் முழுவதிலும் உண்பவருக்கு ஒரு கடமைகூட விதிக்கப்படவில்லை. கடமை எல்லாம் ஊட்டுபவருக்கே. கடவுள் விளக்கத்தை உண்டவர் முகத்தில் காணப்பெற்றவரும் அவரே. ஆதலால் கடன்பட்டவரும் அவரே.

என் வாதத்துக்கு எழும் மறுப்புகளுக்கு வருகிறேன். பசி தீர்ப்பவருக்கு நோய் நீங்கும், பிள்ளை பிறக்கும், விளைச்சல் கெடாது என்று அந்நூல் பலன்களை அடுக்குகிறதே, இது புண்ணிய வணிகம் ஆகாதா என்பர். அந்த உறுதிமொழிகள் கையில் பொருளுள்ள இல்லறத்தாரை நோக்கியவை. அவரைப் பந்திக்கு இழுத்து வரும் பேச்சு. பலன் உண்பவரின் நன்றியிலிருந்து வருவதாக எங்கும் இல்லை. 1866ஆம் ஆண்டுப் பஞ்சம்தான் சாலைக்குக் காரணம் என்பது மற்றொரு வாதம். பஞ்சம், சாலை தொடங்கிய காலத்தை விளக்கும். மழை பெய்த ஆண்டுகளிலும் அணையாமல் இன்றுவரை எரியும் அடுப்பை விளக்காது. வடலூர்ப் பகுதி மக்கள் சாலைக்கு வழங்கிய 80 காணி நிலமும் ஒரு பருவத்து நிவாரணத்துக்குத் தரப்பட்டதன்று.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. ஞானசபைக்குள் கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே புகலாம். புலால் உண்பவரைப் புற இனத்தார் என்று வகுத்து, அவர்களுக்குப் பசி தவிர்த்தல் மட்டும் செய்தால் போதும் என்கிறார். இது குறுகிய வாசல்தான். தமிழ்நாட்டில் உணவு சாதியோடு பின்னியது. ஆகவே இந்த வாசல் எல்லோர் மேலும் ஒரே அளவாக விழவில்லை. சங்கத்தின் பெயரில் உள்ள ‘சமரசம்’ என்ற சொல்லுக்கு இது பொருந்தவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் எல்லா உறவுக்கும் நிபந்தனை வைத்த இடத்திலும் பசிக்கு மட்டும் நிபந்தனை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

நேரம் குறைவு; இனிச் செய்ய வேண்டியவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1864இல் சென்னையில் தோன்றிய வேத சமாஜமும், அதற்கும் முன்பு புரசைவாக்கத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் நடத்திய யூனிட்டேரியன் சபையும் கடவுள் ஒருவரே என்ற கொள்கையில் சன்மார்க்கத்துக்கு அருகில் நின்றவை. அவை ஏன் அடுப்பை மையமாக்கவில்லை என்பதை யாராவது ஆராய வேண்டும். சாலைக்கு வந்த நெல், அங்கே சமைத்தவர்கள், பரிமாறியவர்கள் பற்றிய பதிவுகளைத் தேடித் தொகுக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தை உரைநடை வரலாற்றுக்கான சான்றாக மட்டும் நிறுத்திவிடாமல், சமயத் தத்துவத் தாளிலும் முழுநூலாகப் பாடமாக வையுங்கள்.