றால் கோதும் பரம்பரை அலகும்

(சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் நான் பேசியதின் எழுத்து வடிவம்)



நான் டொக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஊரில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்ததோடு படிப்பு நின்றுபோச்சு. இப்போது வட நோர்வேயில் ஒரு றால் தொழிற்சாலையில் வேலை. றாலை மெசின் உரிக்கும். உரிபடாமல் ஒட்டிக்கொண்டு வாற கோதைப் பொறுக்கிறது எங்கட வேலை. அந்தக் கோதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போறன்.

என்ர மருமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, ஒன்பது வயது. டுஷேன் என்கிற தசை நலிவு நோய். படி ஏறக் கைபிடிக்க வேணும். "றால் கோதாலை பரம்பரை நோய்க்கு மருந்து செய்யினமாம், உண்மையோ தம்பி?" என்று அக்கா கேட்டா. அவவுக்குச் சொல்ல வேணும் என்று தேடி வாசித்ததைத்தான் உங்களுக்கும் சொல்லுறன்.

ஏறத்தாழ 5000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த நோய் வரும். டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தைச் செய்கிற பரம்பரை அலகில் பழுது. நல்ல அலகைக் கலத்துக்குள் அனுப்பினால் போதும்தானே என்று நினைப்போம். அதை ஏற்றிப்போக வாகனம் வேணும். இப்போது பெரும்பாலும் பாவிப்பது நோய் தராத ஒரு சின்ன வைரஸ். அதில் 5000 எழுத்துக்கும் குறைவாகத்தான் ஏற்றலாம். இந்தப் புரதத்துக்கான கட்டளையோ 11,000 எழுத்து! ஆகவே வெட்டிச் சுருக்கி ஏற்றின மருந்து ஒன்றை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. 2025இல், அதை ஏற்றிய, நடக்க இயலாத இரண்டு பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்துபோனார்கள். பிறகு நடக்க இயலாதவர்களுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. இன்னொன்று, ஒருமுறை ஏற்றினால் உடம்பு அந்த வைரஸை அடையாளம் பிடித்துவிடும். இரண்டாம் முறை ஏற்ற ஏலாது.

இதனால்தான் வைரஸ் இல்லாத வாகனம் தேடுகிறார்கள். றால், நண்டுக் கோதில் சுண்ணாம்பும் புரதமும் கைட்டின் என்ற பல்பகுதியமும் இருக்கு. அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு போகும். காரத்தில் போட்டால் புரதம் போகும். மிஞ்சினதைக் கடுங்காரத்தில் சூடாக்க, கைட்டோசான் வரும். மென்மையான அமிலத்தில் கரைத்தால் அதில் நேரேற்றம் இருக்கும். டி.என்.ஏ.க்கு மறையேற்றம். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று இழுத்து, தாங்களாகவே சின்னச் சின்னப் பொதிகளாக உருளும். ஒரு பொதி 100, 200 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் சில நூறு பொதியை வரிசையாக வைக்கலாம். வைரஸ் மாதிரி இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற இறுக்கமான அளவும் இல்லை. கப்பலை விட்டுப் பொட்டலம் கட்டுகிற மாதிரி.

1999இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிக் கட்டின டி.என்.ஏ.யை எலிகளுக்கு வாயால் கொடுத்து, கச்சான் ஒவ்வாமையைக் குறைத்துக் காட்டினார்கள். எங்கட நோர்வேயிலும் துரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் கைட்டோசானை வைத்து இந்த ஆராய்ச்சி செய்திருக்கினம். என்ஜீன் என்ற நிறுவனம், சலப்பைப் புற்றுநோய்க்கு இப்படியொரு மருந்தை மனிதரிலேயே சோதித்து வருகுது. குழாயால் நேரே சலப்பைக்குள் விடுகிறார்கள்.

ஏன் சலப்பை? அங்கேதான் விசயம் இருக்கு. அது ஒரு மூடின பை. மருந்தை உள்ளே விட்டால் அங்கேயே நிற்கும். தசை அப்படியில்லை. கால், முதுகு, மூச்சு இழுக்கிற தசை, இதயம் என்று உடம்பு முழுக்க. இரத்தத்தால்தான் அனுப்ப வேணும். இரத்தத்தில் கைட்டோசானின் ஏற்றம் குறைந்து பொதி குழம்பும். மிச்சத்தில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் பிடித்துவிடும். தப்பிப் போய்ச் சேர்ந்தாலும் கலம் அதை விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அமிலம் விட்டுச் சமிக்கப் பார்க்கும். அந்தப் பையை உடைத்து வெளியே வர கைட்டோசானுக்கு வலு காணாது. வந்தாலும் கருவுக்குள் நுழைய வேணும். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக இந்த ஒவ்வொரு கதவோடும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆகவே அக்காவுக்கு நான் சொன்ன பதில்: "உண்மைதான் அக்கா, ஆனால் எங்கட பிள்ளையின்ர நோய்க்கு இன்னும் இல்லை." அவ கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு அலுமாரியில் இருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினா. தெரிந்த ஒருவர் விற்ற கைட்டோசான் குளிசை. உடம்பு மெலிய என்று கடைகளில் விற்கிறது அது. அதற்குள் டி.என்.ஏ.யும் இல்லை, மருந்தும் இல்லை. வெறும் கோதுதான். எங்கட தொழிற்சாலையில் கூட்டி அள்ளுகிற சாமான்! பிள்ளை சுகமில்லாத வீட்டுக்கு இப்படிப் போத்தலோடு போகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

இன்று செய்யக்கூடியது வேறே இருக்கு. தசை பலம் குறைவதைப் பிந்தப்பண்ணும் ஸ்ரீரொய்ட் மருந்து, ஒழுங்கான உடற்பயிற்சி, இதயப் பரிசோதனை. இந்த நோய் தாய் வழியாகவும் வரலாம். அதனால் தாயின் சகோதரிமாரும் தாங்கள் காவியோ என்று பரிசோதிக்கலாம். குடும்ப டொக்டரிட்டைக் கேட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். "ஊர் என்ன சொல்லும், கலியாணம் குழம்பாதோ" என்று எங்கட வீட்டிலும் கதை வந்தது. தங்கச்சி அதைக் காதில் போடேல்லை. போன மாதம் இரத்தம் குடுத்திட்டு வந்தா. முடிவுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறம்.