டயட் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியும் பசி ஏன் அடங்க மாட்டேங்குது?

உடம்பைப் பத்தி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி வந்து நிக்குது. "மூணு மாசம் கஷ்டப்பட்டு எட்டு கிலோ குறைச்சேன். அடுத்த ஆறே மாசத்துல எல்லாம் திரும்ப வந்துடுச்சு. எனக்குத்தான் வாயைக் கட்டத் தெரியலையா?" வீட்லயும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. கல்யாண வீட்ல ரெண்டாவது தடவை பாயசம் கேட்டுட்டா போதும், பக்கத்துல இருக்கிற அத்தை ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க.

இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட நேரடியா பதில் சொல்ற ஒரு ஆய்வு இருக்கு. ஆஸ்திரேலியாவுல, மெல்பர்ன்ல நடந்தது. 2011ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல வெளியாச்சு. உடல் எடை அதிகமா இருக்கிற 50 பேரை எடுத்து, பத்து வாரம் ரொம்பக் குறைஞ்ச கலோரி உள்ள உணவு மட்டும் கொடுத்தாங்க. சராசரியா 13 கிலோவுக்கு மேல குறைஞ்சது. ஆனா ஆய்வாளர்கள் வெயிட் மெஷினோட நிக்கல. பசி, நிறைவு சம்பந்தப்பட்ட ஹார்மோன்களை ரத்தத்துல அளந்தாங்க. டயட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, பத்து வாரம் முடிஞ்சதும் ஒரு தடவை, மறுபடியும் 62வது வாரத்துல, அதாவது டயட் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு.

அதுக்குள்ள குறைஞ்ச எடையில ஒரு பகுதி திரும்ப வந்துடுச்சு. அப்படியும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பல. பசியைத் தூண்டுற ஹார்மோன் ஆரம்பத்துல இருந்ததை விட அதிகமா இருந்துச்சு. 'போதும்'னு சொல்ற ஹார்மோன்கள்ல பல குறைஞ்சே இருந்துச்சு. "உங்களுக்கு எவ்வளவு பசிக்குது?"ன்னு கேட்டதுக்கு, முன்னாடியை விட அதிகமா பசிக்குதுன்னுதான் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சும்!

சரி, இந்த ஹார்மோன்கள் எங்கிருந்து வருது? பெரும்பாலும் நம்ம வயித்துலயும் குடல்லயும் இருந்துதான். குடல்னா வெறும் சாப்பாடு போற குழாய்னு நினைச்சிட்டிருக்கோம். உண்மையில அது பெரிய ஹார்மோன் தொழிற்சாலை.

முதல்ல க்ரெலின். 1999ல ஜப்பான்ல கோஜிமா, கங்காவா அப்படிங்கிற விஞ்ஞானிகளோட குழு கண்டுபிடிச்சது. இரைப்பையோட மேல்பகுதிதான் இதை அதிகமா சுரக்குது. சாப்பாட்டுக்கு முன்னாடி ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இதுல சுவாரஸ்யம் என்னன்னா, நீங்க வழக்கமா சாப்பிடுற நேரத்துக்கு ஏத்த மாதிரி இது ஏற ஆரம்பிக்கும். தினமும் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறக்கிறவங்களுக்கு, பன்னிரண்டே முக்காலுக்கு வயிறு கூப்பிடுறது சும்மா இல்ல.

அப்போ உடல் பருமன் உள்ளவங்களுக்கு க்ரெலின் எக்கச்சக்கமா இருக்கும்னுதானே தோணுது? அங்கதான் ட்விஸ்ட். பொதுவா அவங்களுக்கு இது குறைவாத்தான் இருக்கு. ஆனா சாப்பிட்டதுக்கு அப்புறம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குறதில்லைன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. டயட் மூலமா எடை குறைஞ்சா நாள் முழுக்க க்ரெலின் அளவு ஏறிடுது. 2002ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, 17 சதவீத எடை குறைஞ்சவங்களுக்கு க்ரெலின் 24 சதவீதம் கூடியிருந்துச்சு. உடம்புக்கு நீங்க ஜீன்ஸ் சைஸ் குறைக்கிறீங்கன்னு தெரியாது. பஞ்சம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குது.

அடுத்தது, நிறைவு தரும் கூட்டணி. சாப்பாடு சிறுகுடலுக்குள்ள நுழைஞ்சதும், கொழுப்பையும் புரதத்தையும் பார்த்து கோலிசிஸ்டோகைனின் சுரக்கும். பேரு வாய்ல நுழையாது, விட்டுடுங்க. அது வேகஸ் நரம்பு வழியா மூளைக்குச் சேதி அனுப்பும். குடலோட கீழ்ப்பகுதியில ஜிஎல்பி-1, பிஒய்ஒய்னு ரெண்டு ஹார்மோன்கள் அதிகமா சுரக்கும். இரைப்பை மெதுவா காலியாகும்படி பார்த்துக்கிட்டு, மூளைக்கு 'போதும்' சொல்றது இவங்க வேலை. இதுக்கெல்லாம் கொஞ்ச நேரம் எடுக்கும். லேப்டாப் முன்னாடி அஞ்சு நிமிஷத்துல பிரியாணியை முடிச்சா, சேதி போய்ச் சேரும்போது தட்டு காலி.

2003ல லண்டன்ல ஒரு சோதனை. உடல் பருமன் உள்ள 12 பேர், ஒல்லியா இருக்கிற 12 பேர். எல்லாருக்கும் ரத்தத்துல பிஒய்ஒய் ஏத்திட்டு, அப்புறம் பஃபே சாப்பாடு கொடுத்தாங்க. ரெண்டு குழுவுமே சுமார் 30 சதவீதம் குறைவா சாப்பிட்டாங்க. பருமன் உள்ளவங்களுக்கு இயற்கையா சுரக்கிற பிஒய்ஒய் குறைவா இருந்ததையும் கவனிச்சாங்க. எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயம் இது. கொழுப்பு செல்கள்ல இருந்து வர்ற லெப்டின் சொல்றதை அவங்க மூளை சரியா கேட்கிறதில்ல. ஆனா பிஒய்ஒய் சொன்னா கேட்குது. சேதி பத்தல, அவ்வளவுதான்.

இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் வேலை செய்றதுக்கும் இதுல பங்கு இருக்கு. வயித்தைச் சின்னதாக்கினதால மட்டும் இல்ல, சாப்பாடு சீக்கிரமே குடலோட கீழே போறதால ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ரெண்டும் எகிறுது.

இப்போ எல்லாரும் கேட்கிற ஊசிக்கு வருவோம். நம்ம உடம்புல சுரக்கிற ஜிஎல்பி-1 ரெண்டு நிமிஷத்துல பாதியா குறைஞ்சிடும். செமாக்ளூடைட் அதே மாதிரி வேலை செய்யுற, ஆனா பாதியா குறையவே ஒரு வாரம் ஆகுற மருந்து. அதனாலதான் வாரம் ஒரு ஊசி. 2021ல வந்த பெரிய ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீத எடை குறைஞ்சது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் கூடவே வரலாம். மருந்தை நிறுத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு. 2025ல இருந்து எடை குறைப்புக்காக இந்தியாவிலயும் இது விற்பனையில இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாம, ஜிம் நண்பர் சொன்னார்னு வாங்கிப் போட்டுக்கிற மருந்து இல்ல இது. விலையைக் கேட்டாலே பாதிப் பேருக்குப் பசி போயிடும், அது வேற கதை.

"நிறுத்தினா ஏறுதே, அப்போ இது ஏமாத்து வேலைதானே?"ன்னு கேட்கிறாங்க. பிரஷர் மாத்திரையை நிறுத்தினாலும் பிரஷர் ஏறத்தான் செய்யும். யாரும் அதுக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு திட்டுறதில்ல. மெல்பர்ன்ல அந்த 50 பேருக்கு யாரும் ஊசி போடல, டயட்தான் கொடுத்தாங்க. அவங்க உடம்பும் இதையேதான் செஞ்சது.

தூக்கத்தை விட்டுட்டேன். ரெண்டே ரெண்டு ராத்திரி, நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டப்போ, ஆரோக்கியமான இளைஞர்களுக்கே க்ரெலின் 28 சதவீதம் ஏறினதா 2004ல ஒரு சிகாகோ ஆய்வு சொல்லுது. நைட் ஷிஃப்ட்ல வேலை பார்க்கிற நிறைய பேர் இதைக் கேட்கிறீங்கன்னு தெரியும். அடுத்த எபிசோடு உங்களுக்குத்தான்.