பரங்கிப்பேட்டையின் இரு வரலாறுகள்



கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த சிற்றூர் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் அதனைப் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம் என்றனர். தமிழர் அவர்களைப் பரங்கியர் என்றனர், அதுவே ஊர்ப்பெயராயிற்று.

நூல்கள் இவ்வூரை இரண்டு செய்திகளுக்காக நினைவுகூர்கின்றன. ஒன்று, 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படையை அயர் கூட் வென்ற போர். மற்றொன்று, 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் நடத்திய இரும்பாலை. சேலத்துத் தாது இங்கே கரியுலையில் உருகி இரும்பாகி, இங்கிலாந்துக்கும் கப்பலேறியது. ஹீத்தின் பெயர் நிலைத்தது. உலைக்குக் கரி சுமந்தவர் பெயர் மறைந்தது.

இவ்விரண்டிலும் அடங்காத மற்றொரு வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. ஆற்றின் தென்புறத்தே உள்ள கிள்ளைக்கு, மாசி மகத்தையொட்டித் திருமுட்டம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். வழியில் தைக்காலில் இசுலாமியப் பெருமக்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்கின்றனர். போருக்குத் தேதி போதும். இத்தகைய உறவுக்கு அது போதாது. ஆண்டுதோறும் மக்கள் கூடிச் செய்தால்தான் அது நிலைக்கும். ஒருமுறை கைவிட்டால் மீட்பது அரிது.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. தளபதிகளைப் பாட ஆவணங்கள் உள்ளன. கரி சுமந்த தோள்களையும், பெருமாளை எதிர்கொண்டழைக்கும் கைகளையும் நீங்கள் பாடுங்கள். அவரவர் ஊரில் அத்தகையோர் இருப்பர். தேடிச் சென்று கேளுங்கள்.