பெருந்திரளுக்கு அன்னம் சமைத்தல்



கலியாணத்திலும், கோயில் அன்னதானத்திலும், சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்திலும் 500 பேருக்கு இலை போடுவது கிராமங்களில் புதிய காரியமன்று. அடியில் தீய்ந்தும், நடுவில் வேகாமலும், மேலே குழைந்தும் போன அன்னம் கடைசியில் மாட்டுத் தொட்டிக்குப் போவதும் புதிதன்று. அந்த அரிசி பல சமயங்களில் கடன்பட்டு வாங்கியதாயிருக்கும். வீட்டில் நான்கு பேருக்குச் செவ்வையாக வடிக்கும் கை ஊருக்கு வடிக்கையில் தவறுவானேன்? பெரிய உலையும் சிறிய உலையும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதே காரணம்.

வீட்டுப் பானை, இறக்கிய சற்று நேரத்திலேயே ஆறத் தொடங்கும். 12 கிலோ அரிசி வெந்த அண்டாவோ, இறக்கிய பின்னும் வெகு நேரம் தன் சூட்டிலேயே வேகும். ஆதலால் பருக்கையை நசுக்கிப் பார்க்கையில் நடுவில் ஊசிமுனையளவு வெண்மை தென்படும்போதே வடித்துவிட வேண்டும். முழுப் பதம் வரட்டுமென்று காத்திருந்தால், வடித்து முடிப்பதற்குள் சாதம் களியாகிவிடும். வடித்ததைக் குவித்து வைப்பதும் தவறு. பாயின்மேல் சலவை செய்த வெள்ளைத் துணி விரித்து, அதில் மெல்லிதாகப் பரப்ப வேண்டும்.

அரிசியைக் கொட்டியவுடன் உலையின் கொதி அடங்கும். பெரிய அண்டாவில் மறுகொதி வரத் தாமதமாகும். அதற்குள் அரிசி அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும். அரிசியின் எடைக்கு ஐந்து பங்கு நீர் வைத்து, அது தளதளவெனக் கொதித்த பின்னரே அரிசியைச் சிறிது சிறிதாகச் சொரிந்து, மறுகொதி வரும்வரை துடுப்பினால் அடிதொட்டுக் கிளற வேண்டும். பின்னர் அடிக்கடி கிளறினால் பருக்கை உடையும். பக்கத்து அடுப்பில் ஓர் அண்டா வெந்நீர் எப்பொழுதும் கொதித்துக்கொண்டிருத்தல் நலம்.

ஊர் வசூலில் சேர்ந்த அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வீட்டார் பழைய புழுங்கல் கொடுப்பர்; அடுத்த வீட்டார் புதுப் பச்சரிசி கொடுப்பர். இவை ஒரே சாக்கில் விழுந்தால் எந்தச் சமையற்காரராலும் பதம் காண இயலாது. ஒன்று குழையும்போது மற்றது கல்லாக நிற்கும். வீட்டுக்கு வீடு வாங்கும்பொழுதே இனவாரியாகச் சாக்குகளைப் பிரித்துவிடுவது எளிது. கூட்டத்திற்குப் பழைய புழுங்கலே உகந்தது. குழையாது, நீரையும் தாராளமாக ஏற்கும். புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குவதால், தீட்டிய பச்சரிசியைக் காட்டிலும் அதில் உயிர்ச்சத்து மிகுதி. பெரி-பெரி நோயைக் குறித்துக் குன்னூர் ஆராய்ச்சிசாலையார் 1930-களில் செய்த ஆராய்ச்சிகள் இதற்குச் சான்று.

தலைக்கு 120 கிராம் என்றால் 500 பேருக்கு 60 கிலோ ஆகும். அதனை ஒரே தடவையில் பொங்கிவிட வேண்டுமென்னும் ஆத்திரத்திலிருந்தே பெரும்பாலான நஷ்டங்கள் பிறக்கின்றன. பந்திக்கு 100 பேராக ஐந்து பந்தி. பந்திக்கு 12 கிலோவாக ஐந்து உலை. முதற்பந்தி அமரும்போது இரண்டாம் உலை வெந்துகொண்டிருக்க வேண்டும். இதற்கு 100 லிட்டர் கொள்ளும் அண்டாக்கள் இரண்டும், வெந்நீருக்கு ஒன்றும், மூன்று கண் கோட்டையடுப்பும் போதும். சங்கம் ஒரு தடவை வாங்கி வாடகைக்கு விட்டால் ஊராருக்கும் உதவும், சங்கத்திற்கும் வரும்படியாகும்.

வடிக்குமிடத்தில் உயிராபத்து உண்டு. கஞ்சி தோலில் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிடக் கொடிதாய்ச் சுடும். 2022-ஆம் ஆண்டில் மதுரைக் கோயில் விழாவொன்றில் கூழ் கொதித்த அண்டாவில் விழுந்து ஒருவர் மாண்டார். அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிக் குழந்தைகளை விலக்க வேண்டும். நிறைந்த அண்டாவைச் சாய்க்கத் துணியாமல், துளைக்கரண்டியால் சாதத்தை அள்ளி மூங்கிற்கூடையிலிட்டு வடிப்பதே உத்தமம். சுட்டுவிட்டால் மையோ மண்ணோ பூசலாகாது. 20 நிமிஷம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மிஞ்சிய சாதத்தை இராப்பந்திக்குச் சூடுகாட்டிப் போடும் வழக்கம் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அது ஆபத்தானது. அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான குவியலில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. 1970-களில் இங்கிலாந்தில் சீன உணவுச்சாலைகளில் உண்டோர் பலர் வாந்தியெடுத்ததை ஆராய்ந்தபோது, நெடுநேரம் வெளியே கிடந்த சாதமே காரணமென்று கண்டனர். ஆகவே மிஞ்சியது இரண்டு மணி நேரத்திற்குள் வயிறுகளுக்குப் போய்ச்சேர வேண்டும்.

இது பற்றியே, ஐந்தாம் உலைக்கு அரிசி களைவதற்குமுன் ஒருவர் பந்தலுக்குச் சென்று, இன்னும் உண்ணாதவர் எத்தனை பேரென்று தலையெண்ணி வரவேண்டும். 60 பேரே இருப்பின் 7 கிலோ போட்டாற் போதும். களையாத 5 கிலோ சாக்கிலேயே இருக்கும்.