கோடம்பாக்கத்துக் குதிரையும் ஸ்பானியக் குதிரையும்



தமிழாசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் கூட்டத்தில் ஒரு ஸ்பானிஷ் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் பொருள் குதிரை. கோடம்பாக்கத்தில் நின்றுகொண்டு குதிரையைப் பேசாமல் வேறெதைப் பேசுவது? ஆர்க்காட்டு நவாபின் குதிரைகள் இங்கே கட்டிக்கிடந்தன, ‘கோடா பாக்’ என்னும் குதிரைத் தோட்டம்தான் கோடம்பாக்கம் ஆயிற்று என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நுங்கம்பாக்கம், விருகம்பாக்கம், மீனம்பாக்கம் என்று சுற்றிலும் பாக்கங்கள் இருக்க, இது ஒன்று மட்டும் தோட்டமாக இருந்ததா? நவாபு சென்னைக்குக் குடிவந்தது 18-ஆம் நூற்றாண்டில். நுங்கம்பாக்கமோ 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்பேட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் கதை நல்ல கதை. நம் குதிரை அதில் ஏறி வரட்டும்.

ஸ்பானிஷில் குதிரை ‘கபாயோ’. லத்தீனில் ‘எக்குஸ்’ என்பதே பொதுப்பெயர். ‘கபல்லுஸ்’ என்றது சுமை இழுக்கும் சாதாரணக் குதிரையை. சந்தையில் புழங்கிய சொல் கடைசியில் ஏட்டுச் சொல்லைத் துரத்திவிட்டது. பெண்குதிரை மட்டும் பழைய வீட்டுப் பெயரை விடவில்லை: ‘எக்குவா’ இன்று ‘யேகுவா’. ஆணுக்கு ஒரு வேர், பெண்ணுக்கு ஒரு வேர். நம் தொல்காப்பியர் மரபியலில் ஒட்டகம், குதிரை, கழுதை, மரை நான்கிற்கும் ‘பெட்டை’ என்று ஒரே பெயர் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்.

குதிரை ஏறியவன் ‘கபாயேரோ’. இன்று அது ‘ஐயா’ என்று மரியாதையாக அழைக்கும் சொல்; குதிரையே ஏறாதவரும் கபாயேரோதான். இதைப் படித்த அன்று எனக்கு வடபழனி முருகன் நினைவு வந்தது. குதிரை வீரனைக் குறித்த ‘ராவுத்தர்’ என்ற சொல் தமிழ் முஸ்லிம்களில் ஒரு சமூகத்தின் பெயராயிற்று. அதே சொல்லால் அருணகிரிநாதர் முருகனை ராவுத்தன் என்று அழைத்தார். மயிலேறும் பெருமாளுக்குக் குதிரைக்காரன் பட்டம்!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறோம். ஸ்பானிஷ்காரர் பரிசாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே என்கிறார். இரண்டு விலங்குக்கும் பல்லை வைத்துத்தான் வயதைச் சொல்வார்கள், பழமொழியும் அதே. நமக்கு மட்டும் ஏன் மாடு? பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் கடல்வழியே வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அத்தனை விலை கொடுத்து வாங்கியதை யார் தானம் கொடுப்பார்கள்? என் ஊகம்தான், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சதுரங்கத்தில் இரு மொழியிலும் அது குதிரையே. எந்திரத்தின் ஆற்றலை இருவரும் குதிரையால் அளக்கிறோம். ஓவியர் படம் தாங்கும் சட்டம் ஸ்பானிஷில் ‘கபாயேத்தே’, குட்டிக் குதிரை. நம்மிடம் வீணையின் தந்திகளைத் தாங்குவது குதிரை. மயிலாப்பூரில் வீணை பழுதுபார்ப்பவரிடம் குதிரை தேய்ந்துவிட்டது என்று சொன்னால் அவர் சிரிக்கமாட்டார்.

துப்பாக்கியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். விரலால் இழுக்கும் விசை தமிழில் குதிரை. ஸ்பானிஷில் ‘கபாயோ’ சார்ந்த சொல்லைத் தேடினேன்; கிடைத்தது ‘காத்தியோ’. பூனைக்கு ‘காத்தோ’ என்று பெயர், காத்தியோ பூனைக்குட்டி. காரைத் தூக்கும் ஜாக்கியும் அங்கே பூனைதான். இந்தக் கோடம்பாக்கத் தெருக்களின் டப்பிங் கூடங்களில் வசனம் எழுதுபவர் யாராவது ஸ்பானிஷ் படத்துக்கு எழுத நேர்ந்தால், வில்லன் பூனைக்குட்டியை இழுக்கும் அதே கணத்தில், வாயசைவு பிசகாமல், குதிரையை இழுக்க வைக்கவேண்டும்.